இருபது சலவை, இரண்டு துண்டு

மாதுளைத் தோலைக் காய்ச்சித் துணியில் ஏற்றுவதற்குப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க வேண்டுமா என்று கேட்காத ஆட்டோக்காரர் மயிலாப்பூரில் இல்லை. வேண்டும் என்று நானும் ஒவ்வொருவரிடமும் வாதாடியிருக்கிறேன். லஸ் கார்னரிலிருந்து அடையாறு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரை ஒத்துக்கொள்ளவும் வைத்திருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். பருத்தி ஈரத்தைக் குடிக்கும். அந்த ஈரத்தில் பாக்டீரியா குடித்தனம் வரும். நாம் மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் அந்தக் குடித்தனத்தின் வாசனைக்குத்தான். அதைக் காலி செய்ய என்னென்னவோ ரசாயனங்கள் இருக்கின்றன. வேப்பிலையும் மாதுளைத் தோலுமே அதைச் செய்யும் என்பது என் கட்சி. செய்யவும் செய்கின்றன. எத்தனை சலவைக்குத் தாங்கும் என்பதில்தான் என் முனைவர் பட்டம் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆராய்ச்சி செய்து நொந்தவர்களுக்கும், வீட்டில் ஓர் ஆராய்ச்சிக்காரியை வைத்துக்கொண்டு நொந்தவர்களுக்கும் இது புரியும். மற்றவர்கள் சண்டைக்கு வரலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எத்தனை மாடு?

தி.நகரில் பாண்டிபஜாருக்குப் பின்னால் ஒரு ஜூஸ் கடை. அங்கே மாதுளை உரித்த தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பதறிப்போய், எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் மறு பேச்சில்லாமல் எடுத்து வைத்தார். மூன்று வாரம் வாங்கிப் போனேன். நான்காவது வாரம் மாதுளைத் தோலோடு இன்னொரு பையும் தயாராக இருந்தது. தர்பூசணி ஓடு, அன்னாசித் தோல், கறுத்துப்போன நாலு வாழைப்பழம்.

“இது எதுக்குண்ணே?” என்றேன். “இருக்கட்டும், எடுத்துக்கினு போ” என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. மாதுளைத் தோலில் ஒரு துவர்ப்பு இருக்கிறது, அது பருத்தி நூலைப் பிடித்துக்கொள்ளும், கிருமியை வளர விடாது, தர்பூசணியில் அது கிடையாது என்று நின்ற இடத்திலேயே ஒரு வகுப்பு எடுத்தேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார். பிறகு வாடிக்கையாளர்கள் காதில் விழாதபடி குனிந்து, அத்தனை பரிவோடு கேட்டார்:

“அதெல்லாம் சரிம்மா. மாடு எத்தினி வச்சிகிறே? வெக்கப்படாத சொல்லு.”

நிழலில் காய வேண்டும்

நான் வாடகைக்கு இருப்பது மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டு மாடி அறையில். வேப்பிலையை வெயிலில் போட்டால் சத்து போய்விடும், நிழலில்தான் காய வேண்டும். மொட்டை மாடியில் நிழல் ஏது? வீட்டிலேயே நல்ல நிழலும் காற்றும் உள்ள இடம் வாசல் கேட்டை ஒட்டிய கூரைதான். அங்கே ஒரு கயிறு கட்டி, பத்துப் பதினைந்து கொத்தை வரிசையாகத் தொங்கவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் தெருவே எங்கள் வீட்டை விட்டு ஓரடி ஒதுங்கி நடக்கிறது. இஸ்திரிக்காரர் துணி வாங்க வரவில்லை. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் மூன்று இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாராம். வாசலில் வேப்பிலை தொங்கினால் உள்ளே யாருக்கோ அம்மை என்பது ஊருக்கே தெரியும்; ஐந்து வருஷமாக வேப்பிலையைப் படிக்கிற எனக்கு அந்த நேரம் பார்த்துத் தோன்றவில்லை.

மாமி கத்துவார் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். மூடநம்பிக்கை பற்றி மட்டும் ஏழு நிமிஷத்துக்குத் தயார். மாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. கொத்துகளை அவரே அவிழ்த்து, கொல்லைப்பக்கம் துணிக்கொடியில் என்னைவிட ஒழுங்காகக் கட்டியிருந்தார். கையில் ஒரு இளநீரைக் கொடுத்துச் சொன்னார்:

“வீணாப் போகப்படாது, குடிச்சுடு. கொஞ்சம் சாஞ்சுண்டே குடிடி, எதிராத்து மாமி ஜன்னல் வழியாப் பாத்துண்டிருக்கா.”

படிவத்தில் ஒரு வார்த்தை

கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, நடுவில் என் துணித் துண்டை வைத்தால், அதைச் சுற்றி நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி ஒரு சுத்தமான வட்டம் வரும். அந்த வட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பசி தீர்ந்துவிடும். எங்கள் மேடம், அதாவது என் வழிகாட்டிப் பேராசிரியை, அதைப் பார்த்துவிட்டு, “தட்டு வியர்க்காது நித்யா. வியர்க்கிற மனுஷங்க கிட்ட குடுத்து, இருபது சலவைக்கு அப்புறம் கொண்டு வா” என்று அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் செல்வமேரி அக்காவிடம் போனேன். விடிகாலையில் சாந்தோம் கரையில் மீன் எடுத்து, மத்தியானம் வரை மயிலாப்பூர்த் தெருக்களில் கூவி விற்பவர். தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்து, அதன்மேல் கூடை. கூடையிலிருந்து சொட்டுகிற மீன் தண்ணீர் பூராவும் அந்தத் துண்டில்தான். வியாபாரம் முடிந்தால் அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். என் ஆராய்ச்சிக்கு இதைவிட உத்தமமான துண்டு உலகத்தில் கிடையாது.

ஆனால் அதற்குமுன் சம்மதப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதை எழுதி அவஸ்தைப்பட்டவர்கள் இங்கே ஒரு நிமிஷம் என்னோடு மௌனமாக நிற்கலாம். தூய தமிழில் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழு சொன்னதால், ‘தங்கள் ஆடையில் துர்நாற்றம் ஏற்படுத்தும் நுண்ணுயிரிகளை’ என்று எழுதியிருந்தேன். அக்கா படிக்கச் சொன்னார். படித்தேன். ‘துர்நாற்றம்’ என்ற வார்த்தையில் என்னை நிறுத்தினார்.

“யாரு மேல நாத்தம்? என் மேலயா? இந்தா, மோந்து பாரு இந்த வஞ்சிரத்த. நாறுற மீன நான் வித்ததில்ல, தெரியுமா ஒனக்கு?” தெருவே திரும்பிப் பார்த்தது. நாற்றம் வேறு, பாக்டீரியா வேறு என்று நான் ஆரம்பித்தேன். இரண்டு பேரும் கால் மணி நேரம் சளைக்காமல் சண்டை போட்டோம். கடைசியில் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குரலையும் இறக்கினார். கரையோரக் குடிசைகளை அரசாங்கம் காலி பண்ணி, ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், தொழில் இங்கேயே நின்றுவிட்டது, தினம் ஒன்றரை மணி நேரம் பஸ் என்று சொன்னார். பிறகு என் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்:

“பஸ்ஸுல ஸீட்டு காலியா இருந்தாலும் நான் ஒக்கார்றதில்ல. ஒக்காந்தா பக்கத்துல கீற பொம்பள ஏந்திரிச்சிப் பூடும். அத்தப் பாக்கறதுக்கு நின்னுக்கினே போலாம். ஒரு தபா, ஒரே தபா, நான் ஒக்காந்தப்புறம் எவளாவது தானா வந்து பக்கத்துல ஒக்காரணும். ஒன் துண்டு அத்தப் பண்ணுமா?”

நான் பேசிய பேச்சு

பண்ணும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்பது தனிக்கதை. சந்தன நிறத்தில் ஒரு துண்டு, அது மாதுளைத் தோல் ஏற்றியது. வெள்ளையில் ஒரு துண்டு, அதில் ஒன்றும் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க. நாள் விட்டு நாள் மாற்றி மாற்றிப் போட வேண்டும். துண்டுகளைக் கொடுத்த அன்றே அக்காவோடு பஸ்ஸிலும் ஏறினேன், களம் எப்படி என்று பார்க்க.

மத்தியான நேரம், முக்கால் பஸ் காலி. அக்கா பின்படிக்கட்டுப் பக்கம் காலிக் கூடையைக் கவிழ்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். அதற்கே முன்னால் இருந்த ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடி, ஜன்னல் பக்கம் திரும்பினார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “ஏங்க, உங்க வீட்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு கொதிக்கிறப்ப மூக்க மூடிப்பீங்களா?” என்று தொடங்கினேன். அவர் தாங்கள் சைவம் என்றார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கண்டக்டர் சமாதானம் பேச வந்தார்; அவரையும் விடவில்லை. திருவான்மியூர் வருவதற்குள் பஸ் முழுக்க இரண்டு கட்சியாகிவிட்டது. எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

அக்கா தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் இறங்கும்போதுதான் என் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னார்:

“நீ எறங்கிப் பூடுவே கண்ணு. நாளைக்கி இதே பஸ்ஸுல நான் வரணும்.”

வந்ததே ஒரு முடிவு!

இரண்டு வாரம் கழித்து இரண்டு துண்டையும் வாங்கிவந்து சோதித்தேன். வெள்ளைத் துண்டில் கிருமி திருவிழாக் கூட்டம். சந்தனத் துண்டில் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட என்றால் ஒன்றுகூட. ஆய்வுக்கூடத்தில் நான் குதித்த குதியில் பக்கத்து மேஜைப் பெண்ணின் குடுவை ஒன்று உடைந்தது; அதைப் பற்றி அவளுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. “இவ்வளவு நல்ல முடிவு வந்தா எனக்கு வயித்தக் கலக்கும். போய் விசாரி” என்றார். பொறாமை என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு போய் அக்காவிடம் கேட்டேன். சந்தனத் துண்டை எத்தனை நாள் கூடைக்கு வைத்தீர்கள்?

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர்கள் வீட்டில் எந்தப் புதுத்துணியும் முதலில் கோயிலுக்கு, அதாவது மாதா கோயில் பூசைக்கு, போய்வர வேண்டும். சந்தனத் துண்டு ஞாயிற்றுக்கிழமை தோளில் ஏறிப் பூசைக்குப் போயிருக்கிறது. கலர் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறும் போயிருக்கிறது. மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள், ஜபமாலைக்குப் பக்கத்தில். என் ஆராய்ச்சி வரலாற்றின் மகத்தான முடிவு, மீன் கூடையையே பார்க்காத ஒரு துண்டினுடையது.

“அக்கா, அது கூடைக்கு அடியில வைக்கத்தானே குடுத்தேன்!” என்று அலறினேன். அவர் பதறவே இல்லை:

“பூசைக்குப் போய் வந்த துண்ட மீன் கூடைக்கி அடில வைப்பியா நீ? படிச்ச பொண்ணுதானே, நீயே சொல்லு.”

எந்த வாதத்திலும் தோற்காத நான் அங்கே தோற்றேன். மறுநாள் இன்னொரு சந்தனத் துண்டு செய்து கொடுத்தேன். கோயிலுக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று.

டெர்மினஸ் வரைக்கும்

புதிதாக ஆரம்பித்தோம். திங்கள், புதன், வெள்ளி சந்தனம். செவ்வாய், வியாழன், சனி வெள்ளை. தினமும் சலவை. கணக்குத் தப்பாமலிருக்க அக்கா வீட்டுக் காலண்டரில் சந்தனத்துக்கு வட்டமும் வெள்ளைக்குப் புள்ளியும் வைக்கச் சொன்னேன். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற சிரத்தையோடு வைத்தார்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, நான் சாந்தோம் போய் நின்றதுமே அக்கா கூடையைத் தூக்காமல் என்னிடம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. முந்தின நாள் துணிந்து ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அடையாறில் ஏறிய ஒரு பெண், கழுத்தில் ஆபீஸ் கார்டு, கண்ணெல்லாம் தூக்கம். பஸ்ஸில் வேறு ஸீட்டும் காலி. அந்தப் பெண் நேராக வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தரமணி தாண்டுவதற்குள் தூங்கி, தலையை அக்கா தோளில், துண்டின் மேலேயே சாய்த்துவிட்டாள்.

“அப்புறம்?” என்றேன். அப்புறம் என்ன, அக்கா இறங்க வேண்டிய ஸ்டாப் வந்திருக்கிறது. அசையவில்லை. அடுத்ததும் வந்து போயிருக்கிறது. டெர்மினஸில் கண்டக்டர் தட்டி எழுப்பிய பிறகுதான் அந்தப் பெண் எழுந்து, “ஸாரிக்கா” என்று வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினாளாம். அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே மூன்று ஸ்டாப் நடந்திருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, தோளைக் காட்டினார், ஏதோ அடையாளம் இருப்பதுபோல:

“எழுப்ப மனசு வர்ல கண்ணு. ஒன் துண்டு வேல செய்யிது.”

வட்டமும் புள்ளியும்

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. பிறகு சலவைகள் முடிந்தன, துண்டுகள் தட்டுக்கு வந்தன, கால் தரைக்கு வந்தது. அவ்வப்போது ஓரத்தில் வெட்டி வைத்திருந்த துணுக்குகள் வரிசையாகச் சொன்ன கதை இது: ஐந்தாவது சலவை வரை நல்ல வட்டம், பத்தாவதில் பாதி, பதினைந்தாவதில் இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம், இருபதில் சண்டை போட எனக்கே மனம் வரவில்லை. கல்லில் அடித்துத் துவைக்கிற கைக்கு முன்னால் மாதுளைத் தோல் என்ன செய்யும்?

அக்காவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் பூராவும் நினைத்தேன். ஆனால் பொய்யான முடிவைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டிருப்பவர்களைத்தானே நான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாக்கத்துக்கே போய், அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னேன். மருந்து இறங்கிவிடுகிறது அக்கா, ஐந்தாறு சலவைக்கு மேல் நிற்கவில்லை. அவர் கொஞ்சமும் கலங்காமல், “அதுக்கு இன்னா? கஞ்சி மட்டும் ஒரு தபா போட்டா ஆயுசுக்கும் நிக்குதா? துணி தொவண்டா மறுபடி போடறோம்ல. தோலக் குடு, நான் காச்சி முக்கிக்கறேன்” என்றார். என் இரண்டு வருஷத்து மூளைக் குழப்பம் கஞ்சிச் சட்டியில் கரைந்தது. (இப்போது ஜூஸ் கடையில் இரண்டு பை வாங்குகிறேன். மாடு இன்னொன்று வந்துவிட்டது என்று கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.)

அதோடு எழுந்து வந்திருக்கலாம். என் கண் சுவரிலிருந்த காலண்டருக்குப் போனது. அந்தப் பெண் தூங்கிய நாள் எது என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அக்கா எழுந்து விரலை வைத்துக் காட்டினார். அந்தத் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு பூவே போட்டிருந்தார். வியாழக்கிழமை. பூவுக்கு நடுவில் இருந்தது புள்ளி.

வெள்ளைத் துண்டு.

என் முகத்தைப் பார்த்து, “இன்னா?” என்றார். மழுப்பத் தெரியாத ஜென்மம் நான். “அன்னிக்குப் போட்டிருந்தது வெள்ளைக்கா. அதுல ஒண்ணுமே கிடையாது. நான் எதுவும் ஏத்தல. வெறும் துண்டு” என்றேன். ஒரு மனுஷி பல வருஷம் நின்றுகொண்டே வந்து கடைசியில் கிடைத்த ஒரு தோள் சாய்தல், அதையும் புள்ளியைக் காட்டிப் பிடுங்குகிறேனே என்று இருந்தது.

அக்கா புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துண்டை இழுத்தார். முகத்தருகே கொண்டுபோய் ஒரு முறை முகர்ந்து பார்த்தார். உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். சண்டைக்கு வந்த முதல் நாள் முகம், ஆனால் சிரிப்போடு:

“அப்ப அந்தப் பொண்ணு தூங்கனது ஒன் மருந்து மேல இல்ல, எம் மேல. நான் நாறலன்னு மொதோ நாளே சொன்னேனா இல்லியா? எங்க ஒன் ஃபாரம்? அத்த எழுது மொதல்ல.”

எழுதினேன், இருபது சலவைக்குப் பிறகும் சாயம் போகாமல் நிற்கிற முடிவு என்னிடம் அது ஒன்றுதான், அதற்குத்தான் ஆய்வேட்டில் அட்டவணை போட இடமில்லை என்கிறார் மேடம்.